படத்தின் மூலையில் ஓர் எழுத்து

ஜூன் 3, செவ்வாய்

இன்று கம்பளிப்பூச்சி நாள். போன வாரம் அனுப்பிய டெஸ்ட் ரிப்போர்ட்டை மேனேஜர் என் மேசையில் விரித்தார். அதில் இருந்த ஸ்கோப் படத்தை, அதாவது மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவியின் படத்தை, வாடிக்கையாளர் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘இது என்ன, கம்பளிப்பூச்சியா?’ என்று எழுதியிருக்கிறார்.

“போர்டு நல்லாத்தானே இருக்கு?” என்றார் மேனேஜர்.

“நல்லா இருக்கு சார். முடி மாதிரி தெரியறது கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான். அளவுக்குள்ளதான் இருக்கு.”

“நல்லா இருந்தா மட்டும் போதுமா? பாக்க லட்சணமா இருக்க வேண்டாமா? லிஃப்ட் போர்டு சார் இது. படத்தைப் பாத்தாலே நம்பிக்கை வரணும்.”

பதினெட்டு வருடமாக லிஃப்டின் பிரேக்கைப் பிடித்து விடுகிற மின்சுற்றுப் போர்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: அளவெடுக்கும் புரோப்பைப் போர்டில் மாட்டு, சேனல் ஒன்றின் மெனுவைத் திற, கப்ளிங் ஏசி, புரோப் பத்து மடங்கு, திரையில் ஒரு கட்டத்துக்கு ஐம்பது மில்லிவோல்ட். கோடு எவ்வளவு நடுங்குகிறது என்று பார். முள் இரண்டு கட்டத்தைத் தாண்டினால் போர்டு ஃபெயில். கண்ணிமைப்பதற்குள் குத்திவிட்டு மறைகிற மின்துடிப்பைத்தான் நாங்கள் முள் என்போம். பெரிய முள் வந்தால் பிரேக்கைப் பிடிக்கிற சுவிட்சான ரிலே ஒரு கணம் ஏமாறும். ஏமாறினால் பிரேக் விடும்.

அதே மெனுவின் கடைசியில் பேண்ட்வித் லிமிட் என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் வேகமான நடுக்கம் எதையும் ஸ்கோப் காட்டாது. இன்று செய்து பார்த்தேன். கோடு வகிடு எடுத்தது போல ஆகிவிட்டது. மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஆனால் போர்டில் ஒன்றும் மாறவில்லை, பார்க்கிற கண்ணுக்குத்தான் திரை. ஆகையால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். லிமிட் இல்லாமல் பார்ப்பது, பாஸ் என்றால் லிமிட்டைப் போட்டுப் படம் எடுப்பது, உடனே லிமிட்டை எடுத்துவிடுவது.

லிமிட் போட்டிருந்தால் திரையின் கீழ் மூலையில், சேனல் ஒன்றின் பக்கத்தில், சின்னதாக ஒரு ஆங்கில ‘பி’ வரும். படத்திலும் விழும். எறும்பு அளவு. யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜூன் 5, வியாழன்

வாடிக்கையாளர் படத்தைப் பாராட்டினாராம். மேனேஜர் முதுகில் தட்டினார். பதினெட்டு வருடத்தில் முதல் தட்டு.

ஜூன் 20, வெள்ளி

மூச்சு விட நேரமில்லை. ஒரே நாளில் மூன்று போர்டு. காலையில் வந்ததும் டிஃபால்ட் பட்டனை அழுத்தி ஸ்கோப்பைப் பிறந்த மேனிக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒவ்வொன்றாக அமைப்பதுதான் என் வழக்கம். இரண்டு நாளாக அழுத்துவதில்லை. அழுத்தினால் படத்துக்காகச் செய்து வைத்த அமைப்பெல்லாம் போய்விடுகிறது. நேற்று அணைத்தது போலவே இன்று விழித்துக்கொள்ளட்டும், எனக்கும் வேலை மிச்சம்.

ஜூலை 2, புதன்

மனைவிக்கு இன்று சந்தோஷம். அவள் பிசியோதெரபிஸ்ட். வேலை செய்யும் கிளினிக் ஒன்பதாம் மாடியில். ஊரார் முட்டியையெல்லாம் சரிசெய்கிறவளுக்குச் சொந்த முட்டி வலி. பத்து நாளாக நின்றிருந்த லிஃப்ட் இன்று ஓட ஆரம்பித்ததாம்.

“உங்க கம்பெனி போர்டுதான் போட்டிருக்காங்களாம். உங்க கையெழுத்து இருக்குன்னு மெக்கானிக் காட்டினார். எனக்கு ஒரே பெருமை.”

எனக்கும்தான். இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

எழுத்து கோணினால் கோணட்டும்.

மதியம் சேனல் ஒன்றில் ஒரு போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு சுத்தம். பாஸ் என்று எழுதப் போனேன். அதற்குள் எதிர் மேசையில் சால்டரிங் செய்யும் பெண் ஸ்கோப்பை ஐந்து நிமிடம் கேட்டாள். அவளை எல்லோரும் ஈயம் என்றுதான் கூப்பிடுவோம். அவள் தன் புரோப்பைச் சேனல் இரண்டில் மாட்டி, வேலை முடித்துப் போனாள். கழற்றவில்லை. நான் சோம்பேறித்தனமாக அவள் புரோப்பையே எடுத்து அதே போர்டில் வைத்தேன்.

முள். ஒன்றல்ல, வரிசையாக. நான்கு கட்ட உயரம்.

சேனல் ஒன்றில் வைத்தால் சுத்தம். இரண்டில் வைத்தால் முள். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு — பைத்தியக்காரன் போல மாற்றி மாற்றி வைத்தேன். பிறகுதான் மூலையைப் பார்த்தேன். சேனல் ஒன்றின் பக்கத்தில் அந்த ‘பி’ உட்கார்ந்திருந்தது; இரண்டின் பக்கத்தில் இல்லை.

நான் எப்போது கடைசியாக லிமிட்டை எடுத்தேன்? இன்று காலை எடுக்கவில்லை. நேற்று? போன வாரம்? எடுத்தேன், எடுத்திருப்பேன், எடுக்காமலா இருந்திருப்பேன்... தெரியலை. சத்தியமா தெரியலை.

ஜூன் 3-லிருந்து என் கையெழுத்தோடு வெளியே போனவை இருபத்தேழு போர்டுகள். பழைய படங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஓடிப்போய் ஃபைலைத் திறந்தேன். எல்லாப் படத்திலும் ‘பி’ இருக்கிறது. இருக்கத்தானே செய்யும்? படம் எடுப்பதே லிமிட் போட்டுத்தானே! அதற்கு முன் லிமிட் இல்லாமல் பார்த்தேனா என்று எந்தப் படமும் சொல்லாது. எனக்குத்தான் தெரிய வேண்டும். எனக்குத் தெரியாது.

லிஃப்ட் கம்பி அறுந்து விழாது, அதற்கு வேறு பூட்டுகள் உண்டு. எல்லோரும் அதற்குத்தான் பயப்படுவார்கள். எனக்கு அந்தப் பயமில்லை. கதவு திறந்திருக்கிறது. ஒருவர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். மறு கால் வெளியே. அப்போது ரிலே ஒரு கணம் ஏமாந்தால்? பெட்டி ஒரு அடி நகர்ந்தால் போதும்.

கிளினிக் போர்டின் எண் 17.

ஜூலை 9, புதன்

அலமாரியில் இன்னும் அனுப்பாமல் இருந்த நான்கு போர்டுகளை, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், டிஃபால்ட் அழுத்தி, ஒழுங்காகச் சோதித்தேன். மூன்று நல்லது. ஒன்று ஃபெயில். நேற்றையதைச் சேர்த்தால் ஐந்தில் இரண்டு. இருபத்தேழில் எத்தனை? கணக்குப் போட மனம் வரவில்லை.

காலையில் மனைவியிடம் நைசாகச் சொல்லிப் பார்த்தேன்.

“கொஞ்ச நாள் லிஃப்ட்ல போகாதே. படியில ஏறு. உடம்புக்கு நல்லது.”

“யார் உடம்புக்கு?”

“உனக்குத்தான்.”

“குண்டாயிட்டேன்னு நேரடியாச் சொல்ல வேண்டியதுதானே? ஒன்பது மாடி! முட்டியைக் கழட்டி உங்க கையில குடுத்துட்டுப் போறேன், நீங்களே ஏத்திவிடுங்க.”

சாப்பாட்டு டப்பாவை எடுக்காமலே போய்விட்டாள். நான் வாசலில் டப்பாவோடு நின்றேன். திருடனுக்குத் தேள் கொட்டினது போல — கத்தவும் முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிடுவது என்று முடிவோடு மேனேஜர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். பெரிய ஆர்டர் வரப்போகிறதாம். “உங்க படத்தைப் பாத்துத்தான் சார் மயங்கிட்டாங்க,” என்றார். தேநீரைக் குடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். திரும்பி வந்தேன்.

கோழை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வேலை போனால் இந்த வயதில் யார் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள் என்று ஒரு குரல். கதவுக்கு நடுவில் ஒரு கால் என்று இன்னொரு குரல். முதல் குரல்தான் பலமாகக் கேட்கிறது. அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் ஈயம் வந்து நின்றாள்.

“அண்ணா, சேனல் ஒண்ணு பக்கத்துல ‘பி’ன்னு சின்னதா வருமே, அது எதுக்கு?”

நான் புரோப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“அது... சும்மா. ஸ்கோப்போட அடையாளம்.”

“ஓ,” என்றாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். இவளுக்குத் தெரியுமா? தெரிந்து கேட்டாளா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன். அதுவும் இருபத்தேழு தட்டில்.

ஜூலை 11, வெள்ளி

பாத்ரூம் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது.

ஜூலை 12, சனி

லீவு. மனைவி வேலைக்குக் கிளம்பியபோது கடைக்குப் போவதாகச் சொல்லி வைத்தேன்; பிறகு அவளுக்குத் தெரியாமல் அவள் கிளினிக் கட்டடத்துக்குப் போனேன். கீழே நின்று பார்த்தால் அவள் கண்ணில் படமாட்டேன். லிஃப்டுக்கு எதிரே ஒரு பெஞ்ச். அதில் உட்கார்ந்து, பெட்டி தரைக்கு வந்து நிற்கிற ஒவ்வொரு முறையும் வாசல் விளிம்பைப் பார்த்தேன். சமமாக நிற்கிறதா, இல்லையா?

முப்பத்தெட்டு முறை பார்த்தேன். முப்பத்தாறு முறை சமம். இரண்டு முறை ஒரு விரல் அளவு தாழ்ந்து நின்றது. இரண்டாவது முறை ஒருவர் சக்கர நாற்காலியில் வெளியே வந்தார், முன் சக்கரம் விளிம்பில் இடித்து நின்றது. தள்ளி வந்த பெண் ஒரு எம்பு எம்பித் தள்ளினாள். அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

காவலாளியிடம் கேட்டேன். “இது எப்பவும் இப்படித்தானா?”

“எது?”

“ஒரு விரல் கீழே நிக்குதே.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சார், காலையிலேர்ந்து பாக்கறேன். நீங்க ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. லிஃப்ட்டையே முறைச்சுக்கிட்டு இருக்கீங்க. யாரைப் பாக்கணும்?”

யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒரு விரல் தாழ்வது பிரேக் தேய்ந்ததாலும் இருக்கலாம், போர்டாலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கடைக்குப் போனவன் வெறும் கையோடு வந்ததற்கும் திட்டு வாங்கினேன்.

ஜூலை 14, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மாலை ஆறரைக்கு மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, ஏதோ பஸ்ஸில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

“இன்னைக்கு ஒரு பாட்டியம்மாவை நாற்காலியோட லிஃப்ட்ல ஏத்தறேன், கதவு திறந்திருக்கு, பாதி உள்ள போயாச்சு, அது ஒரு உலுக்கு உலுக்குச்சு பாருங்க! அப்படியே பின்னால இழுத்துட்டேன். நல்லவேளை.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கம்பளிப்பூச்சி, லிமிட், ‘பி’, இருபத்தேழு. சொல்லும்போது வாய் உளறியது, அழுதேன் என்று நினைக்கிறேன். இத்தனை நாளா உன்னை அதுல ஏத்தி அனுப்பிட்டு டப்பாவோட வாசல்ல நிக்கிறேனே, நான் மனுஷனா?

அவள் என்னைத் தேற்றவில்லை. கையைப் பிடிக்கவில்லை.

“அதுக்குத்தான் படியில ஏறச் சொன்னீங்களா?”

“ம்.”

“என்கிட்ட மட்டும்.”

அவள் கழற்றிப்போட்ட செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“இருபத்தேழுல ஒண்ணுல நான் இருக்கேன். மீதி இருபத்தாறுல யார் யார் இருக்காங்க? அவங்க வீட்டுலயும் யாராவது நைசா படியில ஏறச் சொன்னாங்களா?”

பிறகு போனை எடுத்தாள். கிளினிக் இன்னும் திறந்திருந்தது.

“என்னன்னு சொல்லப் போறே?” என்றேன்.

“லிஃப்ட்ட நிறுத்துங்கன்னு.”

“ஏன்னு கேட்டா?”

“என் வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டவர், அவரே சொல்றார்னு சொல்றேன்.”

சொன்னாள். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஏழு நாளாக என்னால் முடியாதது பத்து நிமிடம்.

ஜூலை 15, செவ்வாய்

நாளைக்கு எழுதினால் தைரியம் போய்விடும், இன்றே எழுதுகிறேன்.

மேனேஜரிடம் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் தேநீர் வந்துவிடும். அவர் ஒரு ரிப்போர்ட்டை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எங்க இருக்கு?”

“கீழ் மூலையில சார்.”

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் முகத்திலும் பயத்தைப் பார்த்தேன். எனக்கு அது ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது, சொல்லக் கூசுகிறது.

“இத்தனை நாளா யாருக்கும் தெரியல,” என்றார் மெதுவாக. “பதறாதீங்க. வருஷாந்திர சர்வீஸ்னு சொல்லி ஒவ்வொண்ணா மாத்திடலாம். ஆறு மாசத்துல முடிச்சிடலாம்.”

“அதுக்குள்ள யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?”

“எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான் சார் இருக்கு.” மிரட்டலாகச் சொன்னாரா, ஞாபகப்படுத்தினாரா? இரண்டும்தான்.

ஆனால் அந்த வாக்கியம்தான் எனக்கு வழியைக் காட்டியது. கையெழுத்து என்னுடையது. போட்டவன் திரும்பப் பெறலாம். ரிப்போர்ட்டின் அடியில் அச்சடித்தே இருக்கிறது: சோதனை செய்தவர் எப்போது வேண்டுமானாலும் சான்றைத் திரும்பப் பெறலாம். பதினெட்டு வருடத்தில் ஒருவரும் செய்ததில்லை.

மேசைக்கு வந்து எழுத ஆரம்பித்தேன். ‘இந்தச் சோதனைச் சான்று திரும்பப் பெறப்படுகிறது. போர்டு மறுபடி சோதிக்கப்படும்வரை லிஃப்டை நிறுத்தி வைக்கவும்.’ இருபத்தேழு முறை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுப்பிவிட்டுப் போனும் செய்தேன். சிலர் கத்தினார்கள். ஒருவர், “நீங்க என்ன படிச்சீங்க?” என்று கேட்டார். பத்தொன்பதாவது போனில் குரல் கட்டிவிட்டது.

ஈயம் வந்து என் கையிலிருந்த பட்டியலை வாங்கினாள். “மீதி எட்டை நான் பண்றேன் அண்ணா.”

“உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?”

“அது ஸ்கோப்போட அடையாளம்னு சொன்னீங்கள்ல? அன்னைக்கே புத்தகத்தை எடுத்துப் பாத்துட்டேன். நீங்களே சொல்லுவீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இந்த வாரம் நீங்க சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேன்.”

மேனேஜர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நாளை என்ன ஆகும் என்று தெரியாது.

ஜூலை 16, புதன்

வேலை போகவில்லை. கையெழுத்துப் போடும் உரிமை போய்விட்டது.

ஜூலை 24, வியாழன்

போர்டுகள் திரும்பி வருகின்றன. ஸ்கோப்பில் ஈயம் உட்காருகிறாள், நான் பெட்டியைப் பிரித்துக் கொடுக்கிறேன். அவள் ஒவ்வொரு போர்டுக்கும் டிஃபால்ட் அழுத்துகிறாள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இதுவரை பத்தொன்பது. நான்கு ஃபெயில். அதில் ஒன்று 11-ஆம் எண். முள் திரைக்கு மேலேயே போய்விட்டது. கட்டத்துக்கு ஐம்பது போதாமல் இருநூறு என்று மாற்றித்தான் தலையைப் பார்க்க முடிந்தது. அது ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த போர்டு. நான்கு மாடி.

மனைவி தினமும் ஒன்பது மாடி ஏறுகிறாள். என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள். சாயங்காலம் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன். அதில் கால்களை வைத்துக்கொள்கிறாள்.

ஜூலை 31, வியாழன்

17 வந்தது.

நானே மாட்டுகிறேன் என்று ஈயத்திடம் கெஞ்சி வாங்கினேன். டிஃபால்ட். சேனல் ஒன்று. ஏசி. பத்து மடங்கு. ஐம்பது. லிமிட் ஆஃப் — மூன்று முறை பார்த்தேன். போர்டைச் சூடாக்கிப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு முள் இல்லை. நான் சோதித்ததிலேயே நல்ல போர்டு அதுதான் போலிருக்கிறது.

அங்கே உலுக்கியது பிரேக் கட்டை தேய்ந்ததால். மெக்கானிக் எழுதி அனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வெந்நீரில் கால் வைத்திருந்தவள் நிமிர்ந்தாள்.

“அப்போ என் லிஃப்ட்டுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல?”

“இல்ல.”

“அது உலுக்கலைன்னா நீங்க வாயைத் திறந்திருக்கமாட்டீங்க.”

“மாட்டேன்.”

“அந்த முதியோர் இல்லம்?”

“ஓடிக்கிட்டே இருந்திருக்கும்.”

அவள் கால்களை வெளியே எடுத்தாள். பிறகு, “தண்ணி ஆறிப்போச்சு,” என்றாள். போய் வேறு வெந்நீர் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இப்போது நான் போர்டு மாட்டப் போகும் குழுவில். அலுவலகத்திலேயே லிஃப்டுக்கு அதிகம் பயப்படுகிறவனை லிஃப்டுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். மேனேஜர் தண்டனையாகத்தான் நினைத்திருப்பார்.

இன்று முதியோர் இல்லம். ஈயம் கையெழுத்திட்ட புதிய போர்டு. ரிப்போர்ட்டில் படம் அசல் கம்பளிப்பூச்சி. மாட்டி முடித்ததும் மெக்கானிக் என்னைப் பார்த்தார். முதலில் ஏறுவது நான் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஏறினேன். உள்ளிருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான்காம் மாடியில் கதவு திறந்தது. குனிந்து விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். சமம்.

நிமிர்ந்தால் எதிரே கைத்தடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், இஸ்திரி போட்ட சட்டையில். அவர் பின்னால் வரிசையாக நாற்காலிகள், பத்துப் பன்னிரண்டு பேர். மூன்று வாரமாகக் கீழே இறங்கவில்லையாம்.

“என்ன தம்பி, இனிமே ஒழுங்கா ஓடுமா?” என்றார் பெரியவர்.

ஓடும் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

“வாங்க, நானும் உங்ககூட வரேன்,” என்றேன்.

கதவின் நடுவில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்று, அவர் கையைப் பிடித்து உள்ளே ஏற்றினேன். பிறகு அடுத்தவரை. இன்று பன்னிரண்டு முறை இறங்கினேன்.